விமானப் பயிற்சிப் பள்ளிகள் சொல்ல வேண்டிய ஓர் எண்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரங்களில் விமானப் பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்த பிறகு, விமானி வேலை உறுதி என்ற நம்பிக்கை நடுத்தரக் குடும்பங்களிலும் வேரூன்றி, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தாவது மகனையோ மகளையோ பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் அதிகரித்திருக்கிறார்கள். பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பயிற்சியை முடித்து உரிமம் பெற உண்மையில் எத்தனை மாதங்கள் ஆகும் என்று அந்தப் பெற்றோர் கேட்கத் தவறும் ஒரு கேள்வியைப் பற்றியும், அதற்கு விடை கிடைக்கச் செய்ய வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வழியாக எழுத விரும்புகிறேன்.

வணிக விமானி உரிமம் பெறுவதற்கான விதிகள் நாடு முழுவதும் ஒன்றே. மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் மாணவரே விமானத்தின் பொறுப்பேற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். 300 கடல் மைல் தொலைவுக்குக் குறையாத ஒரு பயணத்தில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கியிருக்க வேண்டும். இரவில் 5 மணி நேரமும், கருவிகளை மட்டுமே நம்பிப் பறந்த 10 மணி நேரமும் கணக்கில் இருக்க வேண்டும். செலவு பள்ளிக்குப் பள்ளி சற்று மாறினாலும் ஏறத்தாழ அரைக் கோடி ரூபாயைத் தொடுகிறது. விதியும் ஒன்று, செலவும் அருகருகே என்றால், பள்ளிக்குப் பள்ளி உள்ள பெரிய வேறுபாடு அந்த 200 மணி நேரத்தை முடிக்க ஆகும் காலத்தில்தான் இருக்கிறது. நன்றாக நடக்கும் பள்ளியில் ஒன்றரை ஆண்டுக்குள் உரிமத்தோடு வெளியே வருபவர்கள் உண்டு. வேறு இடங்களில் மூன்று ஆண்டுகள் கடந்தும் விடுதியில் காத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் விளம்பரத்தில் இடம்பெறாத ஒரே செய்தி இந்தக் கால அளவுதான்.

இந்தத் தாமதம் எப்படி உண்டாகிறது என்பதைச் சாதாரணக் கணக்கிலேயே விளக்கலாம். ஒரு பள்ளியிடம் பத்து விமானங்கள் இருப்பதாக விளம்பரம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 50 மணி நேரத்துக்கும் 100 மணி நேரத்துக்கும் பராமரிப்புச் சோதனை உண்டு. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய உதிரி பாகத்துக்காக ஹேங்கர் எனப்படும் விமானக் கொட்டகையிலேயே மாதக்கணக்கில் நிற்கும் விமானங்களும் உண்டு. ஆக, உண்மையில் பறக்கக்கூடியவை ஆறு என்று கொண்டால், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 800 மணி நேரம் பறந்தாலும் மொத்தம் 4,800 மணி நேரம்தான் கிடைக்கும். அது 24 மாணவர்களுக்கே போதும். அந்தப் பள்ளி ஒரே ஆண்டில் 60 பேரைச் சேர்த்துக்கொண்டால், அவர்களுக்குத் தேவையான 12,000 மணி நேரத்தைப் பறந்து முடிக்க இரண்டரை ஆண்டுகள் ஆகும். அடுத்த ஆண்டு மேலும் 60 பேர் வந்து அதே வரிசையில் நிற்பார்கள். பயிற்றுநர்களின் எண்ணிக்கையும் இந்தக் கணக்கை மாற்றுகிறது. விமான நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும் காலங்களில் முதலில் வெளியேறுபவர்கள் பயிற்சிப் பள்ளிகளின் இளம் பயிற்றுநர்கள்தான். அப்போது நல்ல நிலையில் உள்ள விமானமும் கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் தரையில் நிற்கும்.

வானிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வட மாநிலங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் பனிமூட்டமும், மேற்கு, மத்திய மாநிலங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையும் பல வாரங்களை விழுங்கிவிடும். பயணிகள் விமானங்கள் வந்துபோகும் நிலையங்களில் பயிற்சி விமானம் வழிவிட்டுக் காத்திருந்தே ஆக வேண்டும்.

காத்திருப்பதில் என்ன இழப்பு, கொஞ்சம் தாமதமானாலும் உரிமம் கிடைத்துவிடுமே என்று நினைக்கும் பெற்றோருக்கு ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பறக்கும் திறன் கைக்கும் கண்ணுக்கும் இடையில் படியும் பழக்கம்; ஆறு வாரம் விமானத்தில் ஏறாத மாணவர் திரும்பி வரும்போது, முன்பு தனியாகச் செய்த தரையிறக்கத்தையே மீண்டும் பயிற்றுநரோடு அமர்ந்து செய்து காட்ட வேண்டியிருக்கும். அந்த மணி நேரங்களுக்கும் பணம் கட்டியாக வேண்டும். உரிமத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் குறைந்தது 15 மணி நேரமாவது பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், 200 மணி நேரத்தை முடித்துவிட்டு ஏதோ ஒரு தேர்வுக்காகவோ தாளுக்காகவோ காத்திருந்தவர்கள் மறுபடியும் பறக்க நேர்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வங்கி வட்டி ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்க, பள்ளியின் குறையால் உண்டான தாமதத்துக்கு மாணவரின் குடும்பமே இரண்டாவது முறை பணம் கட்டுகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. திறமையில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் இந்த இடைவெளிகளில் தன்னம்பிக்கையை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியதை அறிவேன்; அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வழங்கும் முறையை 2025 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்தியது. ஆண்டுக்கு இருமுறை, ஏ பிளஸ் பிளஸ் தொடங்கி சி வரை பள்ளிகள் தரம் பிரிக்கப்படுகின்றன. முதல் பட்டியலில் எந்தப் பள்ளியும் உச்சியிலுள்ள இரண்டு தரங்களைப் பெறவில்லை என்பதே அந்த மதிப்பீடு கண்துடைப்பாக நடத்தப்படவில்லை என்பதற்குச் சான்று. அதற்காக இயக்குநரகத்தை மனமாரப் பாராட்டுகிறேன். எனினும், பல கூறுகளைக் கூட்டிக் கழித்துத் தரப்படும் ஓர் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தால் முடிவெடுக்க முடியாது. ஒரே தரம் பெற்ற இரண்டு பள்ளிகளில் ஒன்று 18 மாதங்களிலும் மற்றொன்று 30 மாதங்களிலும் மாணவரை அனுப்பி வைக்கலாம். ஆகவே, ஒவ்வொரு பள்ளியிலும் கடந்த இரண்டு ஆண்டுகளில் உரிமம் பெற்றவர்கள் சேர்ந்த நாளிலிருந்து உரிமம் கைக்கு வரும் வரை சராசரியாக எத்தனை மாதங்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும், பறக்கத் தகுதியான ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் தரவரிசையோடு சேர்த்து இயக்குநரகம் வெளியிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். மாணவரின் ஒவ்வொரு மணி நேரமும் லாக் புத்தகத்தில் ஏறுகிறது. உரிமத்தை வழங்குவதும் இயக்குநரகம்தான். எனவே இந்த எண்களைத் திரட்டுவது அதற்கு இயலாத காரியம் அல்ல.

அதுவரை பெற்றோர் தாங்களாகவே செய்துகொள்ளக்கூடிய பாதுகாப்புகளும் உள்ளன. பள்ளியைத் தேடும் முன்பே முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழைப் பெற்றுவிட வேண்டும். நிறப் பார்வைக் குறைபாடோ இதயத் துடிப்பில் சிறு மாறுபாடோ இருப்பது கட்டணம் கட்டிய பிறகு தெரியவந்தால் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். வான்வழிச் செலுத்தியல், வானிலையியல், வான்போக்குவரத்து விதிகள் ஆகிய எழுத்துத் தேர்வுகளில், ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் பெற்றுத் தேறிய பிறகு பறக்கச் செல்லும் மாணவர், தேர்வுக்காகப் பறப்பதை இடையில் நிறுத்த வேண்டியதில்லை. பள்ளியை நேரில் பார்க்கப் போகும்போது அலுவலக அறையில் அமர்ந்துவிடாமல், ஹேங்கருக்குள் சென்று எத்தனை விமானங்கள் என்ஜின் கழற்றப்பட்டு நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். அன்றைய பறப்பு அட்டவணையைக் காட்டச் சொல்ல வேண்டும். சேர்ந்து ஓராண்டு ஆன மாணவர்களிடம் இதுவரை எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் பள்ளியின் எந்தக் கையேட்டையும் விட நம்பத்தக்கது. எல்லாவற்றுக்கும் மேலாக, முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது. பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாத பள்ளியைத் தவிர்ப்பதே நல்லது.

வெளிநாட்டுப் பயிற்சி இதற்கு மாற்றாகுமா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பறக்கும் மணி நேரங்கள் விரைவாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கு பெற்ற உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற, இங்கு திரும்பி வந்து டிஜிசிஏ தேர்வுகளை எழுதித் திறன் சோதனையும் கொடுக்க வேண்டும் என்பதையும், அந்த மாதங்களையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். இந்தியாவிலோ வெளிநாட்டிலோ, 200 மணி நேர உரிமத்தோடு யாரும் நேராக ஏர்பஸ் விமானத்தின் காக்பிட்டில் அமர்ந்துவிடுவதில்லை. உரிமம் பெற்ற பிறகு, குறிப்பிட்ட வகை விமானத்துக்கான பயிற்சிக்கும் பல லட்சம் ரூபாய் தேவைப்படும். வேலை உத்தரவாதம் என்று அச்சிடும் பள்ளிகள் இதைச் சொல்வதில்லை.

கோவில்பட்டி அருகேயுள்ள பழைய ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி அமைக்கும் முயற்சியைத் தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் மேற்கொண்டிருக்கிறது. தென் மாவட்ட மாணவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. பயணிகள் விமானங்களின் குறுக்கீடு இல்லாத ஓடுதளமும் வறண்ட வானிலையும் பயிற்சிக்கு மிகவும் ஏற்றவை. அந்த ஓடுதளத்தை நடத்த வரும் நிறுவனத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், ஒரு விமானத்துக்கு இத்தனை மாணவர்களுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்ற வரம்பையும், பள்ளியின் காரணத்தால் பயிற்சி குறித்த காலத்தைத் தாண்டினால் கூடுதல் மணி நேரங்களின் செலவைப் பள்ளியே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையையும், முதல் மாணவர் சேர்வதற்கு முன்பே தமிழக அரசு எழுதி வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பயிற்றுநர்,
திருச்சிராப்பள்ளி