செயலாளரின் ஆண்டறிக்கை: எஞ்சினுக்கு முன் டயர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர், பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, இன்று வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டு செயற்குழுவுக்கு 11 முறை அழைப்பு அனுப்பப்பட்டது. 4 முறை போதிய வருகை இல்லாமல் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. தீயணைப்புக் கருவிப் பயிற்சி ஒரு நாள் நடந்தது. ஹெல்மெட், இருக்கைப் பட்டை பற்றிய வகுப்பும் நடந்தது. பட்டறைக் கூரையின் ஒழுகல் அடைக்கப்பட்டது. நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற 3 புத்தகங்கள் இன்னும் திரும்பி வரவில்லை.

இனி, உப்புத் தரையில் நேர்கோட்டில் ஓட்டுவதற்காக நம் சங்கம் கட்டிவரும் வேகக் காரைப் பற்றி. ஆண்டு முழுவதும் என் காதில் விழுந்த கேள்வி ஒன்றுதான்: "எஞ்சின் எங்கே?" இருந்த பணத்தில் பெரும்பகுதியை முன் அச்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் டயருக்கும் செலவழித்துவிட்டு, எஞ்சின் வைக்கும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன் என்பது குற்றச்சாட்டு. செலவழித்தது உண்மை. அதற்கான காரணத்தைப் பேரவை முழுமையாகக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நாம் ஏற்றுக்கொண்ட இலக்கு உப்புத் தரையில் மணிக்கு 200 மைல், ஏறத்தாழ 322 கிலோமீட்டர். 26 அங்குல விட்டமுள்ள டயர் அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 43 முறை சுழலும். சக்கரத்தைச் சமன்செய்ய ரிம்மில் ஒட்டுகிறோமே, அந்த ஈயத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். 10 கிராம் எடையுள்ள துண்டு டயரின் வெளிவிளிம்பில் இருந்தால், ஏறத்தாழ 25 கிலோ விசையோடு வெளியே பாயத் துடிக்கும். டயரின் மேல்பூச்சு ரப்பரில் ஒவ்வொரு 10 கிராமும் அதே பாடுதான் படுகிறது. 100 மைலில் இந்த விசை இதில் கால் பங்குதான். 100 மைலில் நன்றாக ஓடிய டயர் 200 மைலிலும் ஓடும் என்று சொல்பவர்கள் இந்த நான்கு மடங்கைக் கணக்கில் எடுப்பதில்லை.

சாலை டயர்களைப் பரிசீலித்தோம். பக்கச் சுவரில் 'வி' என்றிருந்தால் 240, 'டபிள்யூ' என்றால் 270, 'ஒய்' என்றால் 300 கிலோமீட்டர் வரை. நம் இலக்கு 'ஒய்' எல்லையையே தாண்டிவிடுகிறது. அடுத்து, இழுவைப் பந்தயக் கார்களின் ஒல்லியான முன் டயர்களைச் சிலர் பரிந்துரைத்தார்கள். விலையும் குறைவு, பார்க்கவும் பொருத்தமாக இருந்தன. ஆனால் அவை கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓடி முடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. சில விநாடிகளில் அவற்றின் வேலை முடிந்துவிடும். நம் கார் சில மைல் தூரம் விடாமல் வேகம் ஏற்ற வேண்டும். டயரின் சட்டகம் அவ்வளவு நேரமும் வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும். வெப்பம் ஏறும், ரப்பர் துணியிழையைவிட்டுப் பிரியும். காற்று குறைந்திருந்தால், தரையைவிட்டு மேலே வரும் பகுதி நிமிர்ந்து முடிவதற்குள் மறுபடி தரைக்கு வந்துவிடும். டயரின் மேல் அலை போல ஒரு மடிப்பு நிற்கும். அந்த அலை நின்றபிறகு டயரின் ஆயுளை விநாடிகளில்தான் எண்ண வேண்டும்.

ஆகவே நில வேகப் பந்தயத்துக்கென்றே செய்த டயரைத் தேர்ந்தெடுத்தோம். அதன் மேல்பூச்சு மிக மெல்லியது. "இவ்வளவு பணம் கொடுத்துத் தேய்ந்த டயரா வாங்கினீர்கள்?" என்று ஓர் உறுப்பினர் வருத்தத்தோடு கேட்டார். மெல்லியதாக இருப்பதால்தான் அது உயிர்காக்கும் டயர். ரப்பர் குறைந்தால் எடை குறையும், வெப்பமும் குறையும், பிய்த்துக்கொண்டு போவதற்கு ஒன்றும் இருக்காது. வால்வுகளை உலோகத்தில் போட்டோம், மூடிகளும் உலோகமே. ரப்பர் வால்வு அந்தச் சுழற்சியில் வளைந்து காற்றை விட்டுவிடும். வேகத்தில் டயர் விட்டத்தில் விரியும் என்பதால் உடற்கூட்டுக்கும் டயருக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விட்டிருக்கிறோம். ரிம்மின் உட்புறத்தில் உப்புச் சேறு அப்பிக்கொண்டால் சமன் கெட்டுவிடும். அதற்காக மூடித் தட்டுகளும் செய்தாயிற்று.

முன்னோர் அனுபவமும் இதையேதான் சொல்கிறது. 1935 செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவின் போன்வில் உப்புப் படுகையில் பிரிட்டிஷ் வேகச் சாதனையாளர் மால்கம் கேம்ப்பெல் மணிக்கு 301.129 மைல் சராசரி கண்டார். அன்றைய முதல் ஓட்டத்திலேயே டயர் ஒன்று வெடித்தது. அமெரிக்க ஓட்டுநர் ஆர்ட் ஆர்ஃபான்ஸ் 1966இல் அதே உப்பில் 600 மைலுக்கு மேல் போய்க்கொண்டிருந்தபோது சக்கரத்தின் பேரிங் இறுகி, கார் சிதறியது. அவர் பிழைத்தது அதிசயம். அந்த ஓட்டத்தில் எஞ்சின் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. 1997இல் 763.035 மைல் தொட்ட திரஸ்ட் எஸ்எஸ்சி காருக்கு ரப்பர் டயரே கிடையாது. அந்த வேகத்தை ரப்பர் தாங்காது என்பதால் அலுமினியச் சக்கரங்களில் ஓடியது.

டயர் முடிவானபிறகுதான் முன் அச்சு. அகலம் குறைந்த குழாய் அச்சு ஒன்றை எடுத்தோம். சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணிக்குக் கிங் பின் என்று பெயர். அது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவே காஸ்டர் கோணம். சாலைக் கார்களில் இது பெரும்பாலும் 3 முதல் 7 டிகிரிக்குள் இருக்கும். நாம் 12 வைத்திருக்கிறோம். 5 டிகிரியில், கிங் பின்னின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர். 12இல் அது 70. இந்தத் தூரம்தான் சக்கரத்தைத் தானாக நேருக்கு இழுத்து வருகிறது. ஸ்டியரிங் கனக்கும் என்பது தெரிந்ததே. நேராக ஓட வேண்டிய காருக்கு அந்தக் கனம் நல்லது. ஸ்டியரிங் பெட்டியையும் மெதுவாகத் திருப்புவதாகப் பார்த்தே எடுத்தோம். 200 மைலில் ஓட்டுநர் தும்மினால் கார் தடம் மாறக்கூடாது. ஸ்டியரிங் பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கையும், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடையும் நீளத்திலும் சாய்விலும் ஒத்திருக்கும்படி அமைத்திருக்கிறோம். இல்லாவிட்டால் உப்பின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் சக்கரங்கள் தாமாகத் திரும்பும். ராடு முனைகள் ஒவ்வொன்றிலும் பெரிய வாஷர் இருக்கிறது. உள்ளிருக்கும் உருண்டை தேய்ந்து கழன்றாலும் ராடு போல்ட்டைவிட்டு விலகாது.

இங்கே ஒரு கசப்பான நிகழ்ச்சியையும் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. மூத்த உறுப்பினர் ஒருவர் தன்னிடமிருந்த பழைய ஸ்பிண்டில்கள், அதாவது முன் சக்கரங்களைத் தாங்கும் தண்டுகள், இரண்டையும் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். குரோமியப் பூச்சோடு கண்ணாடிபோல் மின்னின. முகம் பார்த்துத் தலை சீவலாம். எஃகுக்குக் குரோமியம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துகொள்ளும். பூசிய உடனே சூளையில் வைத்துச் சூடேற்றி அதை வெளியேற்றாவிட்டால் எஃகு உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். அவை சூடேற்றப்பட்டனவா என்பது அவருக்கும் தெரியவில்லை. பூச்சை நீக்கிச் சோதிக்கலாம் என்றேன். அரைமனதோடு சம்மதித்தார்.

பூச்சை நீக்கியபின் சிவப்புச் சாயத்தைத் தடவி, ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தோம். முதல் ஸ்பிண்டிலில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், தண்டும் அடித்தட்டும் சேரும் வளைவில், முதலில் ஊசிமுனை அளவு சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு பக்கமும் ஊறி, தலைமுடி அகலத்தில் ஒரு கோடாக நீண்டது. விரல் நகத்தால் வருடினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்தபோது பட்டறையில் யாரும் பேசவில்லை. நம் ஓட்டுநரின் எடையும் காரின் எடையும் அந்த வளைவின் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

நான் அவற்றை மறுத்தேன். புதிய ஸ்பிண்டில்கள் வாங்கியதால் இரண்டு மாதமும் ஒரு பெரிய தொகையும் போயின. நன்கொடையாளர் அதன்பின் கூட்டங்களுக்கு வருவதில்லை. அவருடைய அன்பை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிட்டதில்லை. அவர் திரும்பி வர வேண்டும் என்பது என் மனமார்ந்த வேண்டுகோள். ஆனால் அந்த முடிவை இன்று எடுக்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன்.

வராதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அலைன்மென்ட் பார்க்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே அறிவிப்பு அனுப்பினேன். காரின் இரு பக்கமும் நூல் கட்டி, பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்கள் வரை அளவெடுக்கும் வேலை. நால்வர் இருந்தால் அரைநாளில் முடியும். வந்தவர்கள் என்னையும் சேர்த்து மூவர். நூல் தளர்வதும், மறுபடி கட்டுவதும், அளவு மாறுவதுமாக இரண்டு நாள் போயிற்று. எஞ்சின் எப்போது வரும் என்று கேட்டவர்களில் ஒருவர்கூட அன்று நூல் பிடிக்க வரவில்லை. இதை மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், சென்ற ஆண்டின் இருப்பும் இந்த ஆண்டின் சந்தாவும் நன்கொடையும் முன் அச்சு, டயர் வகையில் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. கடன் எதுவும் இல்லை. ஏறக்குறைய பாதி உறுப்பினர்களின் சந்தா நிலுவையில் இருக்கிறது. சிலருக்கு இது இரண்டாம் ஆண்டு. பெயர்களை வாசிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

பட்டறை இடம் தந்தவருக்கும், வெல்டிங் வேலையைக் கூலி வாங்காமல் செய்து கொடுத்த உறுப்பினருக்கும், தணிக்கையாளருக்கும், கூட்டங்களுக்குத் தேநீர் ஏற்பாடு செய்த குடும்பத்தாருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நம் டயர்களின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டே போகும். இப்போது அவை வெயில் படாமல், கறுப்புத் துணியில் சுற்றப்பட்டு, மோட்டார்கள் இயங்காத அறையில் இருக்கின்றன. ஆனாலும் எஞ்சின் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அந்த எண்ணிலிருந்து கழிகிறது. நிலுவைச் சந்தா முழுவதும் வந்துவிட்டால் எஞ்சினுக்கு முன்பணம் கட்டிவிடலாம். வராவிட்டால், ஓடாமலே பழசாகிப்போன டயர்களுக்கு மாற்று வாங்க வேண்டும் என்று அடுத்த பேரவையில் நானோ, என் இடத்துக்கு வருபவரோ உங்களிடம் கேட்க நேரும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை 8 மணிக்கு முன் பேரிங்குகளைக் கழற்றி, கிரீஸ் மாற்றி, மறுபடி இறுக்கப்போகிறோம். நால்வர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் இன்றே, கூட்டம் முடிந்ததும், என்னிடம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்