காலவெளிக்குக் கட்டம் போட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த குவாண்டம் ஈர்ப்புக் (ஈர்ப்பு விசையையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்கும் முயற்சி) கட்டுரையை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் காலவெளி, அதாவது இடமும் காலமும் சேர்ந்த பரப்பு, துண்டு துண்டானது என்று காட்ட கிராஃப் தாள் மாதிரி ஒரு படம் எதற்கு? என்னிடம் ட்யூஷன் படிக்கும் பிளஸ் டூ பையன் உடனே கேட்டுவிட்டான்: "சார், ஓடுகிறவனுக்கும் நிற்கிறவனுக்கும் கட்டம் வேறவேறயா தெரியுமே, அப்புறம் எல்லாருக்கும் இயற்பியல் விதி ஒன்றுதான்னு ஐன்ஸ்டைன் சொன்னது என்னாவது?"

சரியான கேள்வி. 1987-இல் ரஃபேல் சோர்கினும் இன்னும் மூவரும் முன்வைத்த காரண கணக் கோட்பாட்டில் (causal set; கணம் என்றால் இங்கே தொகுதி) இதற்குப் பதில் இருக்கிறது. அதில் புள்ளிகள் வரிசையில் நிற்பதில்லை. கோடை மழையின் முதல் துளிகள் மொட்டைமாடியில் விழுவதுபோல் இஷ்டத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. எது எதற்கு முந்தியது என்ற உறவு மட்டும்தான் அவற்றுக்கிடையே உண்டு. அதனால் எந்த வேகத்தில் போகிறவருக்கும் தனிச் சலுகை கிடையாது.

சும்மா கிடைக்கவில்லை இது. சாதாரண கட்டத்தில் ஒரு புள்ளிக்கு நாலைந்து அண்டைப் புள்ளிகள்தான். இங்கே எண்ணி மாளாது; ஒளிக்கூம்பை, அதாவது அந்தப் புள்ளியிலிருந்து ஒளி காலவெளியில் போகும் பாதைகளை, ஒட்டி வெகு தொலைவில் கிடப்பவையும் அண்டைதான். கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன 'இடம்சாராமை' (தொலைவில் இருப்பதோடும் நேரடித் தொடர்பு இருப்பது) இங்கிருந்துதான் வருகிறது. அதை, பிரிந்து கிடக்கும் துகள்களுக்கிடையிலான குவாண்டம் தொடர்பைச் சோதிக்கும் பெல் சோதனைகளோடு சேர்த்துக் குழப்பியிருக்க வேண்டாம், அது வேறு சமாச்சாரம்.

2009-இல் ஃபெர்மி விண்தொலைநோக்கி பதிவுசெய்த காமா கதிர் வெடிப்பில், 700 கோடி ஒளியாண்டு கடந்து வந்த பிறகும் அதிக ஆற்றல் ஃபோட்டான் (ஒளித்துகள்) பெரிதாகப் பின்தங்கவில்லை. கட்டம் போட்ட காலவெளியில் ஒளியின் வேகம் ஆற்றலைப் பொறுத்து மாறலாம் என்பதால், அதற்கு இது சிக்கல். திருத்தம் வெளியிடும்போது படத்தையும் மாற்றுங்கள்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மேலூர்