விஸ்கியின் வயதும் வாடைக்கால மாலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீக்கிரம் இருட்டிவிடும் மாலைகளில் அருந்தத்தக்க விஸ்கிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். மதுவைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது பெரும்பாலும் கண்டனமாகவோ அரசின் வருவாய்க் கணக்காகவோ முடிந்துவிடுகிறது. அதை மணமும் சுவையும் உள்ள ஒரு பொருளாகக் கருதி எழுத முன்வந்தமைக்கு என் நன்றி. எனினும், அக்கட்டுரை வலியுறுத்திய இரண்டு கருத்துகள், அதாவது வயது கூடிய விஸ்கியே எப்போதும் மேலானது என்பதும், விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்பதும், வாசகரைத் தவறான புட்டியிடம் கொண்டுபோய் நிறுத்தும் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் இருபத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்று, இப்போது உச்சிப்புளியில் வசித்து வருகிறேன். இங்கே ஆனி மாதத்தில் மாலை ஆறரை மணிக்கும் கரையில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்க்க வெளிச்சம் இருக்கும். கார்த்திகையிலோ ஆறு மணி ஆவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மேகம் கட்டியிருந்தால் ஐந்து மணிக்கே விளக்கைப் போட வேண்டியிருக்கும். கச்சான் காற்று ஓய்ந்து வாடைக்காற்று எழுந்த பிறகு, மற்ற மாதங்களில் அமைதியாகக் கிடப்பதால் பெண்கடல் என்று நாங்கள் சொல்லும் பாக் நீரிணைப் பக்கமே சீறத் தொடங்குகிறது. பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் படகுகள் கடலுக்குப் போவதில்லை. காற்றில் ஈரமும், கரை ஒதுங்கிய கடற்பாசியும், நனைந்த பனையோலையும் மணக்கும். சித்திரை வெயிலில் ஐஸ் கட்டியும் சோடாவும் சேர்த்துக் குடிக்க இதமாக இருந்த மெல்லிய விஸ்கி, இந்த மணங்களுக்கு நடுவே இருக்கும் இடம் தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே வாடைக்கால மாலைக்கு விஸ்கி தேர்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதன் மணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். அந்தக் கேள்விக்குப் புட்டியின் விலைச்சீட்டில் விடை இல்லை.

பார்லியை நீரில் ஊறவைத்து, முளைவிடச் செய்து, முளை மேலும் வளர்ந்துவிடாதபடி சூளையில் சூடேற்றி உலர்த்தினால் கிடைப்பதே மால்ட். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஐலா தீவில் விறகுக்கு மரம் அரிது. சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் செடிகொடிகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கி இறுகிய பீட் என்னும் கரிய மண்ணை அங்குள்ளவர்கள் கட்டிகட்டியாக வெட்டிக் காயவைத்து எரித்தார்கள். அதன் புகை ஈரமான பார்லியில் படிந்து, காய்ச்சி வடித்த பிறகும் நீங்காமல் விஸ்கியில் தங்கிவிடுகிறது. புகையால் மால்ட்டில் ஏறும் பீனால் சேர்மங்களை, பத்து இலட்சம் பங்கில் எத்தனை பங்கு என்று அளக்கிறார்கள். ஐலாவின் வடிசாலைகளுள் போமோரின் மால்ட்டில் அது ஏறத்தாழ 25, ஆர்ட்பெக்கின் மால்ட்டில் ஏறத்தாழ 55. இந்த விஸ்கிகளில் அயோடினும் மருத்துவமனையும் மணக்கின்றன என்று முதல் முறை குடிப்பவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு: பீட் புகையில் உள்ள கிரெசால், கிருமிநாசினிகளிலும் இடம்பெற்ற ஒரு பொருள். குவையக்கால் என்னும் மற்றொன்று விறகுப் புகையில் இருப்பது.

என் பணிக்காலத்தில் ஒருமுறை, கிளாஸ்கோவை அடுத்த கிரீனாக்கில் எங்கள் கப்பல் பழுதுக்காக நின்றபோது, கெனக்ரெய்க் துறையிலிருந்து படகேறி ஐலாவுக்குச் சென்றேன். நவம்பர் மாதம், நான்கரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. போர்ட் எலன் ஊரிலிருந்து கிழக்கே செல்லும் ஒரே சாலையில், கடலைப் பார்த்தபடி, லஃப்ராய்க், லகாவுலின், ஆர்ட்பெக் ஆகிய மூன்று வடிசாலைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. தூறலில் அந்தச் சாலையோரம் நின்று சூளைப் புகையை முகர்ந்த நொடியில் எனக்கு நினைவுக்கு வந்தது கமுதிப் பக்கத்தில் என் தாய்வழிப் பாட்டியின் ஊர். சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போர்த்தி, நாள்கணக்கில் புகையவிடும் கரிமூட்டத்தின் மணத்துக்கும், மழை பெய்த ஐலா மாலையின் மணத்துக்கும் இருக்கும் உறவை எங்கள் மாவட்டத்துக்காரர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. புகை கலந்த விஸ்கி நம்மவர் நாக்குக்கு ஒத்துவராது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். கரிமூட்டமும் கருவாட்டுக் காற்றும் அறிந்த மூக்குக்கு அது அந்நியமாக இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி வயதைப் பற்றி. ஸ்காட்ச் என்று பெயர் சூட்ட வேண்டுமானால், 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே, குறைந்தது 3 ஆண்டுகள் அது இருந்திருக்க வேண்டும்; புட்டியில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. புட்டியின் மேல் 12 என்றோ 18 என்றோ எண் இருந்தால், அதில் கலந்திருக்கும் விஸ்கிகளுள் மிக இளையதன் வயதை அது குறிக்கும். அதற்கு மேல் அந்த எண் எதையும் உறுதி செய்வதில்லை. பீப்பாயில் கிடக்கும் காலம் நீள நீள மரத்தின் சாரம் விஸ்கியில் ஏறும், புகையின் வேகமோ தணிந்துகொண்டே போகும். எனவே புகைக்காகவே ஒரு புட்டியைத் தேடுபவர் 10 ஆண்டு ஆர்ட்பெக்கையோ 10 ஆண்டு டாலிஸ்கரையோ வாங்குவது அறிவுடைமை. இரண்டு மடங்கு பணம் கொடுத்து முதிர்ந்த புட்டியை வாங்கினால், எதைத் தேடினாரோ அது குறைந்திருப்பதையே அவர் காண்பார்.

நம் நாட்டு விஸ்கிகளுக்கு இந்த வயதுக் கணக்கு சற்றும் பொருந்தாது. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும் அளவை ஸ்காட்லாந்தில் தேவதைகளின் பங்கு என்பார்கள்; அங்கே அது ஆண்டுக்கு 2 சதவீதம் அளவில்தான். பெங்களூரின் வெப்பத்தில் 10 சதவீதத்துக்கும் மேல். அங்கே பதினெட்டு ஆண்டுகள் வைத்திருந்தால் பீப்பாயின் அடியில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெப்பம் மரச்சாரத்தையும் விரைவாக இறக்கிவிடுவதால், நான்கைந்து ஆண்டுகளிலேயே விஸ்கி முதிர்ந்த நிறமும் சுவையும் பெறுகிறது. 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பெங்களூர் நிறுவனமான அம்ருத், தன் சிங்கிள் மால்ட்டை 2004ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரிலேயே அறிமுகப்படுத்தியது. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனதுபோல் அன்று பலருக்குத் தோன்றியிருக்கும். இந்திய பார்லியையும் ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லியையும் சேர்த்துச் செய்யும் அம்ருத் ஃபியூஷன் புட்டியில் வயது எண் கிடையாது. கோவாவில் வடிக்கப்படும் பால் ஜான் வகைகளுள் போல்ட் என்பது பீட் புகை கொண்டது. புகைக்குப் புதியவரான என் அண்டை வீட்டாருக்கு முதலில் ஃபியூஷனைத்தான் ஊற்றிக் கொடுத்தேன். புகை அதில் இனிப்போடு சேர்ந்து வருவதால் அவர் தயங்கவில்லை. கட்டுரையின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டுமே பட்டியலுக்கு வெளியே நிற்க வேண்டியவை.

விலையின் கதை வேறு. ஸ்காட்ச் விஸ்கி மீது நம் நாடு விதித்து வந்த இறக்குமதித் தீர்வை 150 சதவீதம். அதற்கு மேல் மாநில வரிகள். 2025 ஜூலை 24ஆம் தேதி கையெழுத்தான இந்திய, பிரிட்டன் வணிக ஒப்பந்தம் அந்தத் தீர்வையை முதலில் 75 சதவீதமாகவும், பத்து ஆண்டுகளில் 40 சதவீதமாகவும் குறைக்க வகை செய்கிறது. புட்டிக்குள் இருக்கும் திரவத்தில் ஒரு துளியும் மாறாமலேயே விலை இவ்வளவு மாறக்கூடுமென்றால், அந்த விலையைத் தரத்துக்குச் சான்றாகக் கொள்வது எப்படி? நான் ஓய்வுபெற்ற ஆண்டில், பெயரையும் பெட்டியின் அழகையும் ஆழ்ந்த தேன் நிறத்தையும் நம்பி வாங்கிய ஒரு விலையுயர்ந்த புட்டி, மணமே இல்லாமல் வெறும் இனிப்பாக இருந்தது. நிறத்துக்காகச் சர்க்கரையைக் கருக்கிச் செய்யும் கேரமல் சேர்க்க ஸ்காட்லாந்துச் சட்டமே இடமளிக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் அறிந்தேன்.

ஆகையால் விலையைப் பார்க்கும் கண், புட்டியின் பின்பக்கச் சீட்டையும் படிக்க வேண்டும். சிங்கிள் மால்ட் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு செய்தது. பிளெண்டட் ஸ்காட்ச் என்றால் அத்தகைய மால்ட்டோடு மற்றத் தானியங்களின் விஸ்கியும் கலந்தது. அதிலும் நல்லவை பல உண்டு. நம் நாட்டில் குறைந்த விலைக்கு விற்கும் விஸ்கிகள் பலவற்றுக்கு அடிப்படை, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய சரக்கை விஸ்கி என்ற பெயரில் விற்க இயலாது. 42.8 சதவீதம் என்ற எண் நம் புட்டிகளில் வழக்கமாகக் காணப்படுவது. அது வலிமையைச் சொல்லுமே தவிர, எதிலிருந்து வடித்தது என்பதைச் சொல்லாது. தானியமா பாகா என்பதைப் பெரிய எழுத்தில், தமிழிலும் அச்சிட வேண்டும் என்று கட்டுரை ஒரு வரியாவது கேட்டிருக்கலாம்.

புகை வேண்டாதவர்களுக்கும் வாடைக்காலத்தில் நல்ல வழி உண்டு. முன்பு ஸ்பெயின் நாட்டுத் திராட்சை மதுவான ஷெரி இருந்த பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியில் உலர்திராட்சையும் பேரீச்சையும் மணக்கும். கருப்பட்டிப் பாகைப் போன்ற ஓர் ஆழமும் அதில் உண்டு. கிளென்ஃபார்க்ளாஸ் என்னும் ஸ்காட்லாந்து வடிசாலை அந்த வகைக்குப் பேர்பெற்றது. அமெரிக்காவின் போர்பன் விஸ்கி இருந்த பீப்பாயோ வெனிலாவையும் தேங்காயையும் நினைவூட்டும். மழை விடாது பெய்யும் இரவுக்கு நான் முதலாவதையே சொல்வேன்.

அறை வெப்பத்தில் அருந்த வேண்டும் என்று கட்டுரையில் இருந்த அறிவுரையையும் இங்கே அப்படியே ஏற்க முடியாது. அது குளிர்நாட்டு அறையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. மார்கழி இரவிலும் எங்கள் கரையில் வெப்பம் 23 அல்லது 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அந்த வெப்பத்தில் ஆல்கஹால் முந்திக்கொண்டு எழுந்து மூக்கை எரிக்கும். ஐஸ் கட்டியை நிறையப் போட்டால் எரிச்சலோடு மணமும் அடங்கிவிடும். குளிர்ந்த நீரைக் கரண்டியால் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்ப்பதே இங்கே பொருத்தம். 46 சதவீதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள விஸ்கிகள் பல நீர் பட்டதும் இலேசாகக் கலங்கும், அது குற்றமன்று. ஆனால் அந்த நீர் எங்கள் கிணற்று நீராக இருக்கக் கூடாது. உவர்ப்பு ஏறிய நீர் நல்ல விஸ்கியைக் கெடுத்துவிடும். முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாம் மூன்றாம் மழையில் ஓட்டுக்கூரையிலிருந்து பிடித்து, காய்ச்சி ஆறவைத்த நீரைத்தான் நான் பயன்படுத்துகிறேன்; அதற்கு இணையானதை நான் கண்டதில்லை. திறந்த புட்டியை நிமிர்த்தி, வெளிச்சம் படாத அலமாரியில் வைக்க வேண்டும். பாதிக்கு மேல் காலியான பிறகு இந்த வெப்பத்தில் மணம் விரைவாகத் தளர்ந்துவிடும் என்பதால், அதை அடுத்த கோடைவரை சேமித்து வைப்பதில் பயனில்லை.

இவ்வளவும் நான் எழுதுவது, ஏற்கெனவே அருந்துபவர்கள் குறைவாகவும் நிதானமாகவும் அருந்த வேண்டும் என்பதற்காகவே. அருந்தாதவர் எவரும் என் கடிதத்தைப் படித்துத் தொடங்க வேண்டியதில்லை. முப்பது மில்லியை முக்கால் மணி நேரம் வைத்திருப்பதே என் வழக்கம். விடியற்காலையில் கடலுக்குப் போகும் நண்பர்களுக்கு முந்தின இரவு நான் ஊற்றிக் கொடுப்பதில்லை. கூண்டு இறங்காத நாளில்தான் அவர்கள் என் திண்ணைக்கு வருவார்கள்.

கட்டுரையின் தொடர்ச்சி அடுத்த இணைப்பில் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில், வயது எண் எதைக் குறிக்கிறது என்ற திருத்தத்தையும், பரிந்துரைக்கும் ஒவ்வொரு விஸ்கியும் எந்தத் தானியத்திலிருந்து வடித்தது, எந்தப் பீப்பாயில் இருந்தது, புகையூட்டியதா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் விலைப் பட்டியலை விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.