ஒற்றைக் கோழி

நியூகாசில், இங்கிலாந்து,
டிசம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் ஆயாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். செவலை இறந்துவிட்டதைத் தொலைபேசியில் சொன்னபோது, "கோழிதானே" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். பக்கத்தில் ஆயா சிரித்ததும் எனக்குக் கேட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. பள்ளிகொண்டாவில் நம் வீட்டில் வளர்ந்த கோழிகளில் ஒன்றுகூட வயதாகி இறந்து நான் பார்த்ததில்லை. ஒன்று கெங்கையம்மன் திருவிழாவுக்குப் போகும், இன்னொன்று மாமா வந்த அன்று குழம்பாகும், இரண்டுக்கும் தப்பியதைக் கழிச்சல் கொண்டுபோகும். ஆனாலும் நடந்ததை முழுதாகச் சொல்லாமல் விட்டது உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

புதன்கிழமை இரவுப் பணி முடிந்து எட்டரை மணிக்கு வீடு திரும்பி (டிசம்பரில் இங்கு அப்போதுதான் விடிகிறது) கோழிக்கூண்டைத் திறந்தேன். கதவு திறந்ததும் முண்டியடித்துக்கொண்டு வரும் இரண்டில் ஒன்றும் வரவில்லை. செவலை வைக்கோலில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது, கொண்டை கருநீலமாகியிருந்தது. இன்னொரு கோழியான மொட்டை அதன் அருகிலேயே நின்று, கழுத்து இறகை இரண்டு முறை கொத்தி இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தது. முந்தின நாள் மாலைவரை இரண்டும் சேர்ந்து ரோஜாச் செடியின் வேரைக் கிளறிக்கொண்டிருந்தவை.

எனக்கு முதலில் கழிச்சல் பயம்தான் வந்தது. கால்நடை மருத்துவர் ராணிக்கெட் நோய் என்று சொல்வதை நம் தெருவில் எல்லோரும் ராணிப்பேட்டை நோய் என்றே சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? அதற்கான தடுப்பு மருந்து ராணிப்பேட்டையிலேயே தயாராவதால் அந்தக் குழப்பம் கடைசிவரை தீரவில்லை. ராணிக்கெட் என்பது வடக்கே இமயமலைப் பக்கத்து ஊர். அதைவிட வேடிக்கை, உலகம் முழுவதும் அந்நோய்க்கு வழங்கும் பெயர் நான் குடியிருக்கும் இந்த ஊரின் பெயர்தான். 1926-இல் இந்நகரை ஒட்டிய பண்ணைக் கோழிகளிடம் அது கண்டறியப்பட்டதால் நியூகாசில் நோய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் கூடைகளைக் காலி செய்த நோயின் ஊருக்கே பிழைக்க வந்திருக்கிறேன்.

ஆனால் செவலையை அது கொல்லவில்லை. இங்குள்ள கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் கரு முட்டைக்குழாய்க்குள் இறங்காமல் வயிற்றுக்குள் விழுந்து அழுகி, அதனால் வந்த அழற்சியில் இறந்திருக்கிறது என்றார். இவை இரண்டும் பண்ணையில் சுமார் 72 வார வயதுவரை இருந்து முட்டையிட்டு, இனி லாபமில்லை என்று கழிக்கப்பட்டு, மீட்பு அமைப்பு ஒன்றின் மூலம் எங்களிடம் வந்தவை என்று முன்பே எழுதியிருக்கிறேன். மொட்டைக்கு அந்தப் பெயர் வந்ததும், வந்த நாளில் முதுகில் ஓர் இறகும் இல்லாததால்தான். காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். இவற்றை ஆண்டுக்கு 300 முட்டை இடும்படி இனவிருத்தி செய்திருக்கிறார்கள். உடம்பு அங்கேதான் தோற்றுப்போகிறது. நோயைக் கடைசி நாள்வரை வெளியே காட்டாமல் மறைப்பது கோழியின் இயல்பு என்றும் மருத்துவர் சொன்னார். தினமும் நோயாளிகளின் முகத்தைப் பார்த்தே வலியைக் கண்டுபிடிக்கும் எனக்கு அது ஆறுதலாக இல்லை. முருங்கை மரத்தடியில் புதைக்கும் வழக்கமும் இங்கு செல்லாது. தோட்டத்தில் புதைக்க அனுமதி இல்லாததால், எரிப்பதற்கு மருத்துவரிடமே ஒப்படைத்துவிட்டு வந்தோம். பாப்பா ஒரே ஓர் இறகை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது பிரச்சினை மொட்டைதான். முதல் இரண்டு நாள் தோட்டத்தை மூலை மூலையாகச் சுற்றி, நீளமாக, தணிந்த குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சமையலறைக் கதவருகே வந்து நின்றுகொண்டது. முட்டையிடுவதும் நின்றுவிட்டது, தீனியையும் நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கொத்துகிறது. மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும் இக்குளிரில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து இரவைக் கழித்தவை. யாரோ சொன்னார்கள் என்று பழைய கண்ணாடி ஒன்றைக் கூண்டில் மாட்டினேன். ஒரு நாள் முழுதும் அதைக் கொத்திவிட்டு, மறுநாள் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. பழைய சோறு பிசைந்து வை என்றாய். சமையலறைக்குள் வந்துபோன எதையும் கோழிக்குப் போடுவது இங்கு சட்டப்படி குற்றம், அம்மா.

பக்கத்து வீட்டுக் கோழிகளோடு விட்டுவிடு என்றும் சொன்னாய். நம் தெருவில் ஒற்றைக் கோழி என்று ஒன்று கிடையாது. துணை போனால் அடுத்த வீட்டு எருக்குழிக்குப் போய்ச் சேர்ந்துகொள்ளும், மாலையில் வீடு திரும்பும். இங்கு இரு பக்கமும் ஆறடிப் பலகை வேலி, ஒரு பக்கத்தில் நாயும் உண்டு. ஆகவே அதே அமைப்பிடம் இன்னும் இரண்டு கோழிகள் கேட்டிருக்கிறோம். ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் மொட்டை அதைக் கொத்தியே ஒடுக்கிவிடும், இரண்டாக வந்தால் அடி பங்காகும் என்றார்கள். சனிக்கிழமை வருகின்றன. நோய் ஏதும் ஒட்டாமலிருக்க மூன்று வாரம் தனியாகத் தள்ளி வைத்து, அதன்பின் நடுவில் கம்பிவலை கட்டி ஒன்றையொன்று பார்க்கவிட்டு, கடைசியில் ஓர் இரவு இருட்டில் தூக்கிக் கூண்டுக்குள் வைக்க வேண்டுமாம்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு உன் ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் வாங்கிவந்த கோழியை இரண்டு நாள் வாசலில் கூடைபோட்டுக் கவிழ்த்து வைப்பாய். பழைய கோழிகள் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கும். மூன்றாம் நாள் விளக்கை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் அதைக் கொண்டுபோய் அவற்றிடையே விடுவாய். காலையில் கலவரம் ஏதும் இருக்காது. ஆனால் புதிதாக வந்ததை நடுவில் வைப்பாயா, ஓரத்தில் வைப்பாயா என்பது எனக்கு நினைவில் இல்லை. அடுத்த முறை பேசும்போது அதை மட்டும் மறக்காமல் சொல்.

அன்புடன்,
உன் மகள்