"வயசாச்சு, அப்படித்தான்" என்று எழுதினாயே

அன்புள்ள சாந்தி,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பக்கம் பக்கமாக உன் முழங்கால் புராணம், அப்புறம் ரேவதி மேல் வழக்கமான புகார், கடைசியில் அம்மாவைப் பற்றி மூன்றே வரி: "இப்போதெல்லாம் யாரிடமும் பேசுவதில்லை. எதைக் கேட்டாலும் தெரியாது என்கிறார். வயசாச்சு, அப்படித்தான்." கணக்கு டீச்சரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள் நீ. இதை மட்டும் எப்படிக் கேள்வி கேட்காமல் விட்டாய்?

உன் அம்மாவா பேசாமல் இருப்பது? நம் இருவரையும் வாசலில் நிற்க வைத்து ஒரு மணி நேரம் திட்டியவராச்சே!

அப்பா கதையை உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. போன வருஷம் அவரும் இப்படித்தான் ஆனார். செய்தித்தாள் பிரிக்காமலே கிடக்கும். இடுப்பு வலி, தலை கனம் என்று தினமும் ஒன்று. விடியும் முன்பே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ன கேட்டாலும் "தெரியல." அண்ணன் மறதி நோய் என்றே தீர்மானித்துவிட்டான். முதலில் பார்த்த டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வயசுதானே" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டுவிட்டு இரவு எழுந்தவர் தள்ளாடி விழுந்தார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. அந்த வகை மாத்திரைகளில் பலவும் வயதானவர்களைத் தடுமாறி விழவைக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பிறகு முதியோர் மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் செய்த முதல் காரியம், எங்களை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவோடு தனியாகப் பேசியது. தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். அவை குறைந்தாலும் ஆள் இப்படிச் சோர்ந்துபோவாராம், மறதியும் வருமாம். காதையும் சோதிக்கச் சொன்னார். அப்புறம் ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் 15 கேள்விகள். முதியோரின் மனச்சோர்வைக் கண்டறியவென்றே 1980களில் உருவாக்கிய கேள்வித்தாள் அது. தூக்கத்தைப் பற்றியோ வலியைப் பற்றியோ அதில் ஒரு கேள்வியும் கிடையாது. அவை வயதாலும் வரும், வேறு நோயாலும் வரும் என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், பார்!

மனச்சோர்வு என்றார். "ஆனால் அப்பா ஒருநாளும் அழவில்லையே" என்றேன். பெரியவர்கள் பலர் வருத்தமாக இருக்கிறது என்று சொல்லவே மாட்டார்களாம். வலி, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமை என்றுதான் அது வெளிப்படும். மறதி நோய் உள்ளவர் பெரும்பாலும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார், மனச்சோர்வில் இருப்பவர் யோசிக்கக்கூட முயலாமல் "தெரியல" என்று விட்டுவிடுவார் என்றும் சொன்னார். இதை மட்டும் வைத்து நீ தீர்ப்பு எழுதிவிடாதே, இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. கவனிக்காத மனச்சோர்வு, கேட்காத காது, தனிமை மூன்றையுமே மறதி நோய்க்கு வழி வகுக்கக்கூடியவை என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்டிருக்கிறது. மூன்றுக்கும் ஏதாவது செய்ய முடியும் என்பதுதான் விஷயம்.

ஒன்றை மட்டும் பேச்சுவாக்கில் சொல்ல மனம் வரவில்லை. "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று அப்பா அடிக்கடி சொல்வார். அண்ணி பேச்சை மாற்றிவிடுவாள். டாக்டரோ நேராகவே கேட்டார்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்டால்தான் மனதில் இருப்பது வெளியே வரும் என்றார். உலகின் பெரும்பாலான பகுதிகளில் 70 வயதைத் தாண்டியவர்களிடையேதான் தற்கொலை விகிதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமே 2014 அறிக்கையில் சொல்லியிருக்கிறது. அம்மா அப்படி ஏதாவது சொன்னால் சிரித்து மழுப்பாதே, கேள். ஆம் என்றால் தனியாக விடாதே, அன்றைக்கே டாக்டரிடம் போ.

மாத்திரை குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், பெரியவர்களுக்கு இன்னும் மெதுவாகத்தான். அதற்குள் "ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று அண்ணன் நிறுத்தப் பார்த்தான். அவனோடு நான் போட்ட சண்டையைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும். அந்த மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்று நடுவில் பார்த்தார்கள். காது மிஷின் போட வைத்தது இன்னொரு போர்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: ஓய்வு கொடுக்கிறோம் என்று சொல்லி அப்பாவிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். பில் கட்டுவதை அண்ணன் தன் போனுக்கு மாற்றிக்கொண்டான். சாவி அண்ணியிடம். யாருக்கும் எதற்கும் தேவைப்படாமல் நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கே பைத்தியம் பிடித்துவிடும். இப்போது வீட்டுக் கணக்கு மறுபடி அவர் கையில். தப்புப் போடுகிறார். போடட்டுமே! பழைய கதைகளைப் பேரன் கேட்டுப் பதிவு செய்கிறான். முதியவர்கள் பழசையே பேசுவதைப் புலம்பல் என்று ஒதுக்காதீர்கள், அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்க்கும் வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963லேயே எழுதியிருக்கிறார். முழுக்கச் சரியாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். சில நாள் பழையபடி சுவரைப் பார்த்து உட்காருகிறார். ஆனால் போன வாரம் என்னைத் திட்டினார், சாந்தி! கணக்கில் ஒரு ரசீது குறைகிறதாம்.

அம்மாவிடம் "தைரியமா இருங்க, சந்தோஷமா இருங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே. அறிவுரை அவருக்கு எரிச்சல்தான் தரும். டாக்டரிடம் போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போ, சில மாத்திரைகளே ஆளை மந்தமாக்கும். உன் தங்கையை வாரத்தில் ஒருநாளாவது வந்து பார்த்துக்கொள்ளச் சொல். நீயும் தூங்க வேண்டாமா? அவள் சாக்குச் சொன்னால் என்னிடம் அனுப்பு, நான் பேசுகிறேன்.

டாக்டர் தேதி கிடைத்ததும் எழுது. ரேவதிக்கு நான் இன்னும் பதில் போடவில்லை, கேட்டால் தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லிவை.

உன்,
மல்லிகா