முட்டியில் டேப் ஒட்டிவிட்டால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி, கல்லூரி வாலிபால், கபடிப் போட்டிகளில் முட்டியில் நீலமும் கறுப்புமாக டேப் ஒட்டிக்கொண்டு இறங்கும் பிள்ளைகளை இப்போது நிறையவே பார்க்கிறோம். டேப் வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. டேப் ஒட்டியதும் வலி தணிகிறதே, அந்த நேரத்தில் செய்ய வேண்டிய பயிற்சியைச் செய்யாமல் நேரே ஆட்டத்துக்கு ஓடுகிறார்கள். எங்கள் கவலை அதைப் பற்றித்தான்.

படி இறங்கினால், குந்தி எழுந்தால், வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முட்டிச் சில்லைச் சுற்றியோ அதன் பின்புறமோ வலிப்பது விளையாடும் இளவயதினரிடம் மிகவும் சாதாரணம். பெரும்பாலும் எலும்பு தேய்ந்ததால் வருவதல்ல அது. தொடை, இடுப்புத் தசைகளின் பலத்துக்கு மிஞ்சிய சுமை, அதுவும் திடீரென்று கூடிய சுமை, சில்லின் மேல் விழுவதால் வருவது.

இழுபடும் வண்ண டேப் ஜப்பானியரான கென்சோ காசே 1970களின் இறுதியில் கொண்டுவந்தது. எந்த நிறம் என்பதால் பலன் கூடுவதோ குறைவதோ இல்லை. சில்லைப் பிடித்து ஒட்டும் முறை வேறு. அது ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் ஜென்னி மெக்கானல் 1980களில் வகுத்தது. அதற்கு வேண்டியது இழுபடாத பழுப்பு நிற டேப், 3.8 செ.மீ. அகலம். அதன் அடியில் தோலைக் காக்க 5 செ.மீ. அகலமுள்ள மெல்லிய வெள்ளை டேப்.

முடியை முந்தைய நாளே மழித்துவிட வேண்டும். மழித்த கையோடு ஒட்டினால் தோல் எரியும். எண்ணெயோ தைலமோ இருந்தால் டேப் நிற்காது. காலை நீட்டி, தொடையைத் தளர்த்தி உட்காரச் செய்யுங்கள். வெள்ளை டேப்பின் மேல், சில்லின் வெளி ஓரத்தில் பழுப்பு டேப்பைத் தொடங்கி, கட்டைவிரலால் சில்லை மெல்ல உட்பக்கம் தள்ளுங்கள். மறு கையால் உட்பக்கத் தோலைச் சில்லை நோக்கிக் குவித்தபடி டேப்பை இழுத்து, முட்டியின் உட்பக்க எலும்பு மேட்டில் ஒட்டி முடியுங்கள். முட்டியின் பின்புறம் வரை கொண்டுபோகவோ காலைச் சுற்றிக் கட்டவோ கூடாது. இரத்த ஓட்டம் தடைபடும், காலையும் மடக்க முடியாது.

ஒட்டுவதற்கு முன் ஒரு படி இறங்கச் சொல்லி, பத்துக்கு எவ்வளவு வலி என்று கேளுங்கள். ஒட்டிய பின் அதே படியில் மறுபடி இறங்கச் சொல்லுங்கள். வலி பாதியாவது குறைய வேண்டும். குறையவில்லை என்றால் இழுக்கும் திசையை மாற்றிப் பாருங்கள். அப்படியும் குறையாவிட்டால் அந்த முட்டிக்கு டேப் உதவாது, கழற்றிவிடலாம். நம் வெயிலில் வியர்த்தால் டேப் சீக்கிரம் தளர்ந்துவிடும். அரித்தால், கொப்புளித்தால் உடனே எடுத்துவிட வேண்டும். டேப்பால் கிடைக்கும் பலன் முதல் நான்கு வாரங்களுக்குத்தான், அதுவும் பயிற்சியோடு சேர்ந்தால்தான்.

பயிற்சி என்றதும் தொடையை மட்டும் நினைக்கிறார்கள். இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலமில்லை என்றால், குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் முட்டி உள்ளே சாயும். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்குவது, மல்லாந்து முட்டியை மடக்கி இடுப்பை உயர்த்துவது, சுவரில் சாய்ந்து முட்டி 45 பாகைக்கு மேல் மடங்காமல் அமர்ந்து எழுவது: இவற்றோடு தொடங்கலாம். ஒவ்வொன்றும் 10 முதல் 12 தடவை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். அடுத்தது படி இறங்கும் பயிற்சி. முதலில் 10 செ.மீ. உயரப் பலகை, பிறகு 20 செ.மீ. கண்ணாடி முன் செய்தால் நல்லது. முட்டி பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக வர வேண்டும். உள்ளே சாய்ந்தாலோ இடுப்பு ஒரு பக்கம் தொங்கினாலோ உயரத்தைக் குறைத்துவிடுங்கள். தவறான அசைவை நூறு முறை செய்வதைவிட நேரான பத்து மேல்.

சில்லின் கீழ்நுனியில் மட்டும், குதிக்கும்போது குத்தினால் அது தசைநாணின், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாணின் வலி. வாலிபால் ஆடுபவர்களுக்கு அடிக்கடி வருவது. இதற்கு முழு ஓய்வு உதவாது, சும்மா இருந்தால் நாண் மேலும் பலவீனமாகும். முட்டியை 60 பாகை அளவில் மடக்கி அசையாமல் 45 விநாடி தாங்க வேண்டும். இடையில் இரண்டு நிமிடம் விட்டு ஐந்து முறை. வலி அடங்கி வரும்போது எடை சேர்த்து, மூன்று விநாடி இறங்கி மூன்று விநாடி ஏறும் பயிற்சிக்கு மாறலாம். இது தேற 12 வாரமாவது ஆகும்.

பயிற்சியின்போது பத்துக்கு மூன்று வரை வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை அது பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால். கூடியிருந்தால் நிறுத்திவிட வேண்டாம், அளவைப் பாதியாக்குங்கள்.

உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தண்டனையாக வாத்து நடையும் தவளைப் பாய்ச்சலும் கொடுப்பதை விட்டுவிடுங்கள். முட்டி முழுக்க மடங்கிய நிலையில் உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் சில்லின் மேல் விழுகிறது. ஏற்கெனவே வலிக்கும் பிள்ளைக்கு அது பெரும் கேடு.

டேப்பே ஒட்டக் கூடாத முட்டிகளும் உண்டு. திரும்பும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்டு, ஓரிரு மணி நேரத்தில் வீங்கிய முட்டி. பாதியில் சிக்கிக்கொண்டு நீட்ட முடியாத முட்டி. நடக்கும்போது நழுவிப் போகும் முட்டி. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி. வளரும் பிள்ளை முட்டி வலி என்று சொல்லி நொண்டினால் இடுப்பு மூட்டையும் பார்க்க வேண்டும். கோளாறு அங்கே இருந்துகொண்டு வலி முட்டியில் தெரிவதுண்டு. இவர்களை அன்றே எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள், மிச்ச ஆட்டத்துக்கு இறக்காதீர்கள்.

இப்படிக்கு,
விளையாட்டு இயன்முறை மருத்துவர்கள் சிலர்,
திருச்சி