கயலுக்கு, பார்னெட் கணக்கு பற்றி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். அத்தை விஷயம் உனக்கே தெரிந்திருக்கும், அதை விடு.

போன மாதம் நீ ஃபோனை வைக்க மறந்துவிட்டாய். ஸ்காட்லாந்து பிரிவதைப் பற்றி நீயும் மாப்பிள்ளையும் போட்ட சத்தம் எங்களுக்கும் கேட்டது. அதிலிருந்து நீ வீடியோவில் வருவதில்லை. டியூட்டி அதிகம் என்கிறாய், சரி. அதைப் பற்றிக் கேட்க இதை எழுதவில்லை. இரண்டு பேர் சொன்னதிலும் கணக்குப் பிழை இருந்தது. முப்பது வருஷம் தணிக்கை பார்த்தவனுக்கு அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மாப்பிள்ளை சொன்ன பற்றாக்குறை நிஜம்தான். 2024 ஆகஸ்டில் எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசே வெளியிட்ட கணக்கின்படி, 2023-24இல் 2,270 கோடி பவுண்டு துண்டு விழுந்தது. வடகடல் எண்ணெய் வருமானத்தைச் சேர்த்த பிறகும் அது உள்நாட்டு உற்பத்தியில் 10.4 விழுக்காடு. ஆனால் அது இன்றைய ஏற்பாட்டின் கணக்கு. பாதுகாப்புச் செலவு, கடன் வட்டி எல்லாம் லண்டன் முடிவு செய்து, தலைக்கு இவ்வளவு என்று ஸ்காட்லாந்தின் பேரில் எழுதிய தொகை அதில் இருக்கிறது. தனி நாட்டின் முதல் பட்ஜெட் அது இல்லை. அதற்காக அந்தத் துண்டு பிரிந்த மறுநாளே மறைந்துவிடும் என்று நீ சொன்னதும் சரியில்லை.

பார்னெட் சூத்திரத்தை இரண்டு பேருமே தப்பாகச் சொன்னீர்கள். ஸ்காட்லாந்து அரசுக்கு லண்டன் கொடுக்கும் பணம் எவ்வளவு மாறும் என்று கணக்குப் போட, 1970களின் கடைசியில் லண்டன் கருவூலத்தில் வந்த ஏற்பாடு அது. மொத்தத் தொகை எவ்வளவு என்று அது சொல்லாது. இங்கிலாந்தில் ஒரு துறையின் செலவு எவ்வளவு மாறியது என்று பார்க்கும். அந்தத் துறை ஹோலிரூட் (ஸ்காட்லாந்து நாடாளுமன்றம்) கையில் எந்த அளவுக்கு இருக்கிறது என்ற விகிதத்தால் பெருக்கும். பிறகு மக்கள்தொகைப் பங்கால் பெருக்கும். இங்கிலாந்தில் மருத்துவத்துக்கு 100 கோடி கூட்டினால், ஸ்காட்லாந்துக்கு ஒன்பதரைக் கோடி போல வரும். பழைய அடித்தொகை அப்படியே நிற்கும். அங்கே தலைக்குச் செலவு அதிகமாக இருப்பது அந்த அடித்தொகையால்தான். லண்டனின் தாராள மனசு என்று மாப்பிள்ளை சொன்னதும் இல்லை, எண்ணெய்க்குக் கைம்மாறு என்று நீ சொன்னதும் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. லண்டன்–பர்மிங்ஹாம் அதிவேக ரயிலை எடுத்துக்கொள். ஓடப்போவது முழுக்க இங்கிலாந்து மண்ணில். அதை ‘இங்கிலாந்து–வேல்ஸ் திட்டம்’ என்று கருவூலம் வகைப்படுத்திவிட்டது. ஸ்காட்லாந்துக்குப் பங்கு வந்தது, வேல்ஸுக்கு வரவில்லை. வகைப்படுத்துவதும் கருவூலம், ஆட்சேபம் எழுதினால் முதலில் போய்ச் சேருவதும் அதே கருவூலம். கணக்கு எழுதுகிறவனே தணிக்கையும் செய்தால் நாங்கள் என்ன குறிப்பு எழுதுவோம் என்று உனக்குத் தெரியும். நம் நிதி ஆணையத்தை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், திட்டுவதற்கு அப்படி ஒன்று இருக்கிறது. அங்கே அதுவும் இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. நடுவில் ஒரு ஆள் வேண்டாமா?

1707இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் சேரும்போது எல்லாம் பேசித்தான் சேர்ந்தார்கள். 25 பிரிவுகள். ஸ்காட்லாந்துக்குக் கீழவையில் 45 இடம், பிரபுக்கள் அவையில் 16. ஸ்காட்லாந்தின் நீதிமன்றம் தனியாகவே இருக்கும் என்றும் எழுதிக்கொண்டார்கள். இங்கிலாந்தின் கடனில் பங்கேற்பதற்கு ஈடாக 3,98,085 பவுண்டு, 10 ஷில்லிங். ஷில்லிங் வரைக்கும் எழுதியவர்கள் வெளியே போகிற வழியை எழுதவில்லை.

வட அயர்லாந்துக்கு அந்த வழி 1998 சட்டத்திலேயே இருக்கிறது. பெரும்பான்மை பிரிந்துபோக விரும்பக்கூடும் என்று அமைச்சருக்குத் தோன்றினால் வாக்கெடுப்பு வைத்தே ஆகவேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது ஏழு வருஷம் இடைவெளி. ஸ்காட்லாந்துக்கு, ஸ்காட்லாந்துச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் வரும் ஆணை ஒன்றுதான் வழி. வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டன் நாடாளுமன்றம், மனசு வைத்தால் உண்டு, 2014 வாக்கெடுப்புக்கு அப்படித்தான் கிடைத்தது. அந்த செப்டம்பரில் 55.3 விழுக்காடு பிரிய வேண்டாம் என்றார்கள். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கவேண்டும் என்று 62 விழுக்காடு ஓட்டுப் போட்டும் வெளியேற்றப்பட்டார்கள். மறுபடி கேட்கலாமா என்று போனபோது, ஹோலிரூட்டுக்குத் தானாக அந்த அதிகாரம் இல்லை என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் சொல்லிவிட்டது. இந்த இடத்தில் உன் கோபம் நியாயமானது. நீ அதை நன்றாகவே சொன்னாய். என் மகள் இவ்வளவு தெளிவாக வாதாடுவாள் என்று நினைக்கவில்லை. அந்தக் குரலில் சொல்லியிருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பிரிவது சுலபம் என்று மட்டும் நினைக்காதே. செக்கும் ஸ்லோவாக்கியாவும் 1993 ஜனவரி 1 அன்று சண்டையில்லாமல் பிரிந்தன. கட்டடம் எங்கே நின்றதோ அந்த நாட்டுக்கு, மற்றது செக்குக்கு இரண்டு, ஸ்லோவாக்கியாவுக்கு ஒன்று. நாணயம் மட்டும் கொஞ்ச நாள் பொதுவாக இருக்கட்டும் என்றார்கள். ஆறு வாரம் தாங்கவில்லை. ஜனங்கள் மதிப்பு நிலைக்கும் பக்கம் பணத்தை மாற்ற ஆரம்பித்தார்கள். பிப்ரவரி 8 அன்று பழைய நோட்டிலேயே ஸ்டாம்ப் ஒட்டிப் பிரித்தார்கள். பவுண்டையே வைத்துக்கொள்ளலாம் என்கிறவர்கள் இதைப் படிக்கட்டும். அவசரப்படாதே என்று இதற்குத்தான் சொல்கிறேன். எதிலும் அவசரப்படாதே.

பாதி அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது உன் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. வருமான வரி அடுக்கு ஹோலிரூட் கையில், தேசியக் காப்பீட்டுப் பிடித்தம் வெஸ்ட்மின்ஸ்டர் கையில். உங்களுக்கு 43,662 பவுண்டு தாண்டினாலே 42 விழுக்காடு வரி. காப்பீட்டு விகிதமோ 50,270 தாண்டினால்தான் 8லிருந்து 2க்கு இறங்கும். இரண்டுக்கும் நடுவில் நீ நைட் டியூட்டி பார்த்துக் கூடுதலாக வாங்கும் 100 பவுண்டில் 50 போய்விடும். எல்லைக்கு அந்தப்பக்கம் கார்லைலில் அதே வேலை பார்ப்பவளுக்கு 28தான் போகும். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, இரண்டு கை ஒரே சீட்டில் எழுதுவதால் வருவது. நைட் டியூட்டியைக் குறை என்று அம்மாவும் சொல்லச் சொன்னாள்.

உன் வரிக் குறியீடு ‘எஸ்’ என்ற எழுத்தில் ஆரம்பிக்கும், பார். அது ஸ்காட்லாந்து விகிதம் என்பதற்கு அடையாளம். வேலை எந்த ஊரில் என்பது அதற்குக் கணக்கில்லை, அந்த வருஷம் பெரும்பாலும் குடியிருக்கும் வீடு எங்கே என்பதுதான் கணக்கு. வீடு மாறினால் வரி அலுவலகத்துக்கு உடனே சொல்லவேண்டும், இல்லையென்றால் பிறகு பாக்கி என்று மொத்தமாகப் பிடிப்பார்கள்.

மாப்பிள்ளையின் சீட்டிலும் முன்னால் அந்த ‘எஸ்’ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா